சிங்கப்பூரு நாலே மணி நேரம்

கொடுக்கை எப்படி மடக்கறது, கயித்தை எத்தினி சுத்து சுத்தறதுன்னு நான் சொல்லித் தரப் போறதில்லை. அதை நண்டே சொல்லித் தரும். ஒரு தடவை வெரலைப் புடிச்சிச்சுன்னா போதும், எந்த வாத்தியாரும் அவ்ளோ நல்லா சொல்லித் தர மாட்டான். நான் சொல்ல வந்தது வேற.

இந்த ஷெட்டுக்கு வேலைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் மொத நாளே ஒரே கேள்விதான் கேக்குறீங்க. "இதெல்லாம் எங்க ஆயா போவுது?" சிங்கப்பூருடி. "எவ்ளோ நேரமாவும்?" நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள போனை எடுத்துத் தேய்ச்சு, "நாலு மணி நேரம் ஆயா"ன்னு எனக்கே திருப்பி சொல்றீங்க. பின்ன என்னை இன்னாத்துக்குக் கேட்டீங்க?

உங்க போனு பொய் சொல்லலை. பிளேன் மேல ஏறி கீழ எறங்குறது நாலு மணி நேரம்தான். ஆனா நண்டு பிளேன்லயா பொறந்துச்சு? ஏரித் தண்ணியை விட்டு வலையோட மேல வந்துச்சே, அப்பவே அது கெளம்பிடுச்சு. இங்க கட்டு, எடை, ஈரச் சாக்கு, ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டி. அப்பால வேனு. திருப்பாலைவனத்துல ரோட்டுல நெல்லு காய வெச்சிருப்பான், அதைச் சுத்தினு போவணும். பொன்னேரியில கல்யாண ஊர்வலம். மீஞ்சூர்ல கன்டெய்னரு லாரி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, ஆனைக் கூட்டம் மாதிரி நிக்கும். ரயில்வே கேட்டு மூடினான்னா டிரைவரு எறங்கிப் போயி டீ குடிச்சிட்டு வருவான். அதெல்லாம் தாண்டி ஏர்போட்டு போனா, அங்க பெட்டிக்கு ஒரு வரிசை, பேப்பருக்கு ஒரு வரிசை. பிளேன் ஏறச்சொல்லோ நண்டு பாதி உசுரை செலவு பண்ணிட்டு இருக்கும். நான் எப்பவும் சொல்றதுதான். சிங்கப்பூரு பக்கம். மீஞ்சூருதான் தூரம்.

சரி, அது நண்டு கணக்கு. மனுசக் கணக்கு வேற. ஒரு நாளு இந்தக் குப்பமே மீன் ஏலக் கொட்டாயில கூடி நின்னு, சிங்கப்பூரு எவ்ளோ நேரம்னு என்னைக் கேட்டுச்சு. அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். வேலைக்கு ஒதவும்.

எத்திராஜுன்னு ஒரு ஆளு. கடல்ல கெட்டிக்காரன், கரையில வாயைத் தொறந்தா புளுவு. மூச்சு வாங்கினு ரெண்டு மூணு நாளாப் படுத்துனு இருந்தாரு, ஒரு நாளு விடியக்காலைல போயிட்டாரு. பொண்டாட்டி கன்னியம்மா. இதே ஷெட்டுல, எனக்குப் பக்கத்துல ஒக்காந்து நண்டு கட்டினவ. ரொம்பப் பேச மாட்டா, அவ பேச்சையும் சேத்து அவ புருசன் பேசிட்டாரு. ஒரே புள்ளை, பாபு. சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை.

நம்ம குப்பத்துப் பொண்ணுங்களுக்குத் தெரியும், வெளியூருலருந்து வர்றவளுங்களுக்காக சொல்றேன். இங்க ஒரு சாவு வுழுந்துச்சுன்னா, பொணம் எடுக்குற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போவக் கூடாது. போட்டைத் தண்ணியில தள்ளக் கூடாது, வலையைத் தொடக் கூடாது, ஐஸு ஒடைக்கக் கூடாது. நம்ம ஷெட்டும் மூடிடணும். யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, மீறினா மட்டும் எல்லாரும் வந்து சொல்லுவாங்க.

மத்த நாளா இருந்தா ஒரு நாளு சும்மா ஒக்காரறதுக்கு யாரும் கவலைப்பட மாட்டான். சீட்டாட ஒரு சாக்கு. ஆனா அன்னிக்கு மழை விட்டு, முகத்துவாரம் தொறந்து, எறா ஓடினு கெடக்குது. ஏரி முழுக்க எறா, கரை முழுக்க ஆம்பளைங்க. பொணத்து மேல மாலை போட்டுட்டு ஒவ்வொருத்தனும் ஏரியைத் திரும்பித் திரும்பிப் பாக்குறான். செத்துப் போனதுக்கு அழுவுறானா, ஓடுற எறாவுக்கு அழுவுறானான்னு எனக்கே வெளங்கலை.

பாபு போன் பண்ணான். டிக்கெட் கெடைச்சிடுச்சு, மத்தியானம் பிளேன் ஏறுறேன், நைனாவை எடுத்துடாதீங்கன்னு அழுவுறான். கன்னியம்மா போனை வெச்சிட்டு என்னைக் கிட்ட கூப்பிட்டா. பொணத்துப் பக்கத்துல ஒக்காந்துனு, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னா.

"யக்கா, எம்புள்ளை வந்து அவரு மொகத்தைப் பாத்துடணும். எனக்குப் பேச வராது. நீ பேசு."

அவ்ளோதான் சொன்னா. ஆனா மத்தியானம் ஏறுறவன் பொழுது சாயறதுக்குள்ள வீட்டு வாசல்ல நிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். எத்தினி நண்டை அனுப்பிருக்கேன். பொழுது சாஞ்சா நம்ம குப்பத்துல எடுக்க மாட்டாங்க, மறுநாளுக்குப் போயிடும். மறுநாளுன்னா தொழிலு இன்னொரு ராத்திரி நிக்கணும். எறா ஓடச்சொல்லோ எவன் ஒத்துப்பான்? பையன் வரமாட்டான்னு தெரிஞ்சா காலைலயே தூக்கிடுவாங்க.

அந்த நேரம் பாத்து நம்ம சூப்ரவைசரு ஓடியாந்தான். இப்ப கீறவன் இல்லை, அப்ப இருந்தவன். பொன்னேரிப் பையன். படிச்சவன், நல்லவன், பயந்தவன். மூணும் ஒரே ஆளுகிட்ட இருந்தா வேலைக்கு ஆவாது. முந்தின நாளு சாயங்காலமே நண்டு கட்டி கூடையில கீது, பெட்டியில போடறது மட்டும் பாக்கி. அது அன்னிக்கே போயாவணும்.

எந்த பிளேன்லடான்னு கேட்டேன். அவன் போனைப் பாத்துட்டு சொன்னான். பாபு வந்து எறங்குற அதே பிளேன்தான் திரும்பிப் போவச்சொல்லோ நம்ம நண்டை ஏத்தினு போவுதாம்.

பாத்துக்குங்க பொண்ணுங்களா. பாபு வர்ற வரைக்கும் பொணம் எடுக்கக் கூடாது. பொணம் எடுக்குற வரைக்கும் நண்டைத் தொடக் கூடாது. பாபு எறங்குறதுக்கு முன்னாடி நண்டு அங்க போயி நின்னாவணும். இதை எவளாவது தீத்து வெச்சீங்கன்னா, ஒரு கூடை பெரிய நண்டு நான் வாங்கித் தர்றேன்.

சூப்ரவைசருக்கு ஒரு யோசனை. கதவைச் சாத்திக்கினு, நான் இன்னும் ரெண்டு பொம்பளைங்களை வெச்சு சத்தமில்லாம பெட்டி போட்டுடணுமாம். "டேய் தம்பி, இந்த ஊர்ல ஒருத்தி கொழம்புல உப்பு அதிகமாப் போட்டாலே நாலு தெருவுக்குத் தெரியும். நீ வேன் நெறைய நண்டு ஏத்தினு சாவு வீட்டு வழியாப் போவப் போறியா?"ன்னு கேட்டேன். மொகம் சுருங்கிப் போச்சு. அப்பால இன்னொரு யோசனை சொன்னான். அதுதான் எனக்குப் பக்குன்னு ஆச்சு.

"தலைவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம் ஆயா. பிளேன் நாலு மணிக்கு எறங்கும். வெளிய வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். அங்கருந்து இங்க வர, சாயங்கால டிராபிக்குல ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னு போன்ல காட்டுது. பொழுதோட வர முடியாதுன்னு தெரிஞ்சா இப்பவே எடுத்துடுவாங்க. நண்டு போயிடும், எல்லாரும் தொழிலுக்கும் போயிடுவாங்க."

தப்பா சொன்னானா? இல்லை. நான் இத்தினி வருசமா தொண்டை கிழியக் கத்தினதைத்தான் அவனும் சொல்றான். மீஞ்சூருதான் தூரம்னு என்கிட்டதான் கத்துக்கினான். நான் வளத்த கடா எம் மார்லயே பாயுது.

அதுக்குள்ள ஏலக் கொட்டாயிலருந்து ஆளு வந்து கூப்பிட்டான். பஞ்சாயத்துக்காரங்க ஒக்காந்துட்டாங்க. நடுவுல தலைவரு. அந்த ஆளைப் பாத்திருப்பீங்க, மீசை மட்டும் கறுப்பா இருக்கும், மத்ததெல்லாம் வெள்ளை. சட்டம் பேசறதுல கல்லு. சொந்த மச்சான் தப்பு பண்ணப்பவே ஊரு முன்னாடி நிக்க வெச்சவரு. சுத்தி ஆம்பளைங்க எல்லாம் கைலியை மடிச்சுக் கட்டினு, இப்பவே எடுத்துடலாம்னு முணுமுணுன்றானுங்க. ஒருத்தன் நேராவே கேட்டான், செத்தவரு எங்க போயிடப் போறாரு, எறா போயிடுமேன்னு. கன்னியம்மா சொந்தக்காரங்க நாலு பேரு தலையைக் குனிஞ்சுனு நிக்கிறாங்க.

தலைவரு கையைத் தூக்கினாரு. சத்தம் நின்னுச்சு.

"ஒரே புள்ளை. அவன் வர்ற வரைக்கும் வெக்கறது நாயம். அதுக்காக ரெண்டு நாளு ஊரைக் கட்டிப் போட முடியாது. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான்னா வெக்கலாம். வரமாட்டான்னா இப்பவே எடுத்துடலாம். சிங்கப்பூர்லருந்து இங்க எவ்ளோ நேரம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

சூப்ரவைசரு தொண்டையைக் கனைச்சுனு ஒரு அடி முன்னாடி வெச்சான். நான் அவன் சட்டையைப் பின்னாடியிருந்து புடிச்சு இழுத்துட்டு முன்னாடி போயி நின்னேன்.

"நாலு மணி நேரம்ண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? நம்ம ஏரி நண்டு வாரத்துக்கு மூணு தடவை போவுது. போன்லயும் பாருங்க, அதான் போட்டிருக்கும்."

நாலு பேரு போனை எடுத்தானுங்க. நாலு போனும் நாலு மணி நேரம்னுச்சு. எல்லாத் தலையும் ஆடுது. மத்தியானம் ஏறினா நாலு மணி, பொழுது சாய எவ்ளோ நேரம் கீதுன்னு அவனுங்களே கணக்குப் போட்டு அவனுங்களே சந்தோசப்பட்டுக்கினானுங்க.

நம்ம சூப்ரவைசருப் பையனுக்குப் பொறுக்கலை. "ஆயா, நீங்கதானே நண்டு இங்கருந்து கெளம்பி அங்க போயி சேர ஒரு நாளு ஆவும்னு சொல்லுவீங்க?"ன்னு ஊரு முன்னாடி கேட்டுட்டான்.

நான் அவன் பக்கமா திரும்பினேன். அப்பால சொன்னேன்.

"ஏண்டா, நண்டைக் கையைக் காலைக் கட்டிப் பொட்டியில போட்டு அனுப்புறோம். பாபுவைக் கட்டியா அனுப்புறாங்க? அவன் கால் கீது, நடந்து வந்துடுவான்."

எல்லாரும் சிரிச்சிட்டானுங்க. சாவு வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி நின்னுக்கினு சிரிக்கிறானுங்க. சிரிச்ச கூட்டத்துகிட்ட அப்பால எந்த உண்மையும் எடுபடாது. பையன் பாவம், போனைத் தூக்கிக் காட்டறான், ரோடு சிவப்பு சிவப்பா கீதுன்றான், அவனை யாரும் திரும்பிக்கூட பாக்கலை. தலைவரு என்னையே கொஞ்ச நேரம் பாத்துனு இருந்தாரு. மீசையைத் தடவினாரு.

"இத்தினி வருசமா சிங்கப்பூருக்கு அனுப்புறவ சொல்றா. அப்ப சரி. பையன் வரட்டும்."

ஊரு கலைஞ்சிடுச்சு. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துப் போச்சு. ஆனாலும் ஒரு பெருமை. இந்தக் கல்லு மனுசனையே ஏமாத்திட்டோமேன்னு.

இப்ப நண்டு. சூப்ரவைசருப் பையன் ஷெட்டு வாசல்ல தலையில கையை வெச்சுனு ஒக்காந்துட்டான். கம்பெனியில தன்னை நிறுத்திடுவாங்கன்றான். அவனைப் பாக்கவும் பாவமா இருந்துச்சு. நண்டை அன்னிக்கு அனுப்ப முடியாது, ஆனா சாக விடக் கூடாது இல்ல? கூடையோட தூக்கினு போயி ஏரித் தண்ணியில எறக்குடான்னு சொன்னேன். அதுவும் வேலைதானே ஆயா, ஊரு கேக்காதான்றான். "டேய், சாவுக்குத் தொழிலை நிறுத்தச் சொன்னாங்க. நண்டை மூச்சை நிறுத்தச் சொல்லலை. தண்ணி காட்டறது தொழிலாடா? மாட்டுக்குத் தண்ணி காட்டலையா இன்னிக்கு?"ன்னு கேட்டேன். எறக்கினோம். நாலு பேரு பாத்தானுங்க. எவனும் வாயைத் தொறக்கலை. அவனவன் வீட்டுல மாடு கீதே.

சிங்கப்பூருக்காரனுக்கு இன்னா காரணம் சொல்றதுன்னு அவன் ரெண்டு மூணு பொய் யோசிச்சு வெச்சிருந்தான். லாரி கவுந்துடுச்சு, அது இதுன்னு. வேணாம், சாவுன்னே சொல்லுடான்னேன். ஒரு நாளைக்கு ஒரு பொய்தான், அதை நான் ஏற்கெனவே செலவு பண்ணிட்டேன். சொன்னான். அந்தப் பக்கம் ஒரு திட்டு திட்டிட்டு, நாளைக்கு அனுப்புன்னு வெச்சிட்டான். காலைலருந்து அவன் செத்து செத்துப் பொழைச்சதெல்லாம் அந்த ஒரு திட்டுக்குதான்.

சாயங்காலம் நாலு மணி. பாபு போன் பண்ணான், எறங்கிட்டேன்னு. ஊரே எழுந்து நின்னுச்சு. பாடைக்கு மூங்கிலு வெட்டியாந்தானுங்க. மேளக்காரன் தீ மூட்டி மேளத்தைக் காய்ச்ச ஆரம்பிச்சிட்டான். வந்துட்டான் வந்துட்டான்னு பொம்பளைங்க அழுவுறாங்க. நான் ஒரு ஓரமா ஒக்காந்துனு என் குலசாமியைக் கூப்பிட்டுனு இருக்கேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு போன் பண்ணா வரிசையில நிக்கிறேன்றான். இன்னா வரிசைடா, ரேசன் கடையான்னு கேக்குறானுங்க. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு, காரு புடிச்சிட்டேன்றான். மேளக்காரன் தீ அணைஞ்சு போயி மறுபடி மூட்டறான். அப்பால கூப்பிட்டா மாதவரம். அப்பால கூப்பிட்டா, மீஞ்சூரு. அதுக்கப்பால எப்ப கூப்பிட்டாலும் மீஞ்சூரு. பொழுது ஏரிக்கு அந்தாண்ட எறங்கினு கீது. தண்ணியெல்லாம் செவப்பு.

எறா போயிடுமேன்னு கொட்டாயில கேட்டானே, அவன் என்கிட்ட வந்து நின்னான். "இன்னா ஆயா, உன் பிளேன் மீஞ்சூரு கேட்டுல மாட்டினு கீதா?"ன்னான். "பிளேன் நாலு மணிக்கு எறங்கிச்சா இல்லையா?"ன்னு கேட்டேன். எறங்குச்சுன்னான். "அப்ப நான் சொன்னது சரிதானே. பிளேன் நம்ம வாசலுக்கு வரும்னு நான் சொன்னேனா?" அவன் பல்லைக் கடிச்சுனு போனான். ஆனா ஒண்ணு கவனிச்சேன். இப்ப எடுத்துடலாம்னு அவன்கூட சொல்லலை. காலைல சிங்கப்பூர்ல இருந்த பையனை வுட்டுட்டு எடுக்க எல்லாரும் தயாரா இருந்தானுங்க. மீஞ்சூர்ல கீற பையனை வுட்டுட்டு எடுக்க ஒருத்தனுக்கும் மனசு வரலை.

திருப்பாலைவனம் தாண்டிட்டான்னு போன் வந்தப்ப லைட்ஹவுஸுல வெளக்கு போட்டுட்டான். தலைவரு எழுந்தாரு. பொழுது சாஞ்சிடுச்சு, இனிமே எடுக்கக் கூடாது, காலைல மொத வேலையா எடுப்போம், எடுத்ததும் போட்டை எறக்கலாம்னாரு. ராத்திரி எறா போச்சேன்னு நாலு பேரு முனகினானுங்க. அவரு மீசையைத் தடவினாரு. முனகலு நின்னுச்சு.

பாபு வந்தான். தோள்ல ஒரு பை, அவ்ளோதான். வேலைக்குப் போடற பெரிய பூட்ஸு இன்னும் கால்ல கீது. ஊரே வழி வுட்டுச்சு. அப்பனைப் படுக்க வெச்சிருந்த ஐஸுப் பெட்டி முன்னாடி மண்டி போட்டு, கண்ணாடி மேல கையை வெச்சுனு, "நைனா, வந்துட்டேன் நைனா"ன்னான். கடல்லருந்து கரை ஏறுன புள்ளை வூட்டுல வந்து சொல்ற மாதிரி சொன்னான். கன்னியம்மா அதுவரைக்கும் அழலை. அப்பதான் அழுதா.

நான் வெளிய வந்துட்டேன். எனக்கு இந்த அழுவாச்சியெல்லாம் ஒத்துக்காது.

காலைல எடுத்தாங்க. போட்டெல்லாம் தொழிலுக்குப் போச்சு. நாங்க நண்டைத் தண்ணியிலருந்து தூக்கி, ஒவ்வொண்ணா கண்ணைத் தொட்டுப் பாத்தோம். கண்ணை உள்ள இழுத்துக்கிச்சுன்னா உசுரு கீது, பெட்டிக்குப் போவும். இழுக்கலைன்னா கொழம்புக்குப் போவும். அன்னிக்கு எங்க வீட்டுல பெரிய கொழம்பு, ஆனா பாதிக்கு மேல சிங்கப்பூரு போயிடுச்சு. சூப்ரவைசருப் பையன் வேலையும் போவலை. என் கால்ல வுழ வந்தான். மொதல்ல போயி மொகத்தைக் கழுவுடான்னேன்.

இதோட முடிஞ்சதுன்னுதான் நானும் நெனைச்சேன். ஊரை ஜெயிச்சிட்டோம், தலைவரை ஜெயிச்சிட்டோம்னு நெஞ்சை நிமித்தினு நடந்தேன்.

பால் தெளிச்ச மறுநாளு பாபு கெளம்பினான். லீவு அவ்ளோதான் குடுத்தாங்களாம். காரு எதுக்கு, நண்டு வேன் போவுது, அதுலயே முன்னாடி ஒக்காந்து போன்னு நாந்தான் சொன்னேன். வேன்ல பெட்டி ஏத்தினு இருக்கோம். கன்னியம்மா புள்ளை கையைப் புடிச்சுனு நிக்கிறா. அப்ப தலைவரு வந்தாரு. பாபு தோளைத் தட்டிட்டு, நேரா டிரைவருகிட்ட போனாரு.

"மீஞ்சூரு பக்கம் போவாதே, இந்நேரத்துக்கு கன்டெய்னரு நிக்கும். தச்சூரு சுத்தினு போ. மொதல்ல பையனை எறக்கு, அப்பால நண்டை எடுத்துனு போ. வாசல்ல டிக்கெட்டு பாப்பான், அங்க ஒரு கூட்டம் நிக்கும். அப்பால பை எடை போடற எடம். அப்பால முத்திரை குத்தற வரிசை, அதான் கழுத்தறுப்பு. பிளேன் நேரத்தைப் பாத்துக் கெளம்பாதே. இந்த வரிசை நேரத்தைப் பாத்துக் கெளம்பு."

என் கையில இருந்த பெட்டியைக் கீழ வெச்சிட்டேன்.

"யண்ணே, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியும்னா? எம் பொண்ணு துபாய்ல நர்ஸு இல்ல? ஒவ்வொரு தடவையும் நாந்தானே இட்டுனு போயி ஏத்தி விடறேன், இட்டாரேன். அந்த மீஞ்சூரு கேட்டுல நான் டீ குடிக்காத கடையே இல்லை."

அவரு பொண்ணு துபாய்ல கீதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அன்னிக்கு மட்டும் எம் மண்டையில ஏறலை.

"அப்ப பையன் பொழுதோட வர மாட்டான்னு உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுனு எதுக்கு என்னைக் கேட்டே?"

டிரைவருக்குக் கேக்காம என்னை ஓரமா இட்டுனு போனாரு.

"நான் வெக்கலாம்னு சொன்னா, தலைவரு சட்டத்தை மாத்திட்டாருன்னு ஆயிடும். நாளைக்கு ஒருத்தனும் அடங்க மாட்டான். நான் நாலு மணி நேரம்னு சொல்லி பையன் வரலைன்னா, தலைவரு பொய் சொன்னாருன்னு ஆயிடும். நீ சொன்னா இன்னா? கெழவி எதையோ சொல்லிச்சு, நாம நம்பிட்டோம்னு சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க."

"என்னை வெச்சு ஊரை ஏமாத்திட்டியேண்ணே."

"நானா? நீ ஏமாத்தறதுக்குதான் அந்தப் பையன் சட்டையை இழுத்துட்டு முன்னாடி வந்தே. நான் எடம் வுட்டேன், அவ்ளோதான்."

மீசையைத் தடவினு போயிட்டாரு. வேன் கெளம்பிடுச்சு. கன்னியம்மா அது தெரு முனையில திரும்புற வரைக்கும் கையை ஆட்டினு நிக்கிறா. நான் ஒரு காலிப் பெட்டி மேல ஒக்காந்துட்டேன்.

அதனால சொல்றேன் பொண்ணுங்களா. நாளைக்கு நான் இருக்க மாட்டேன், உங்களைத்தான் கேப்பாங்க. கம்பெனிக்காரன் கேப்பான், டிரைவரு கேப்பான், புள்ளையை வெளியூரு அனுப்பின அம்மா கேப்பா. எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்னு. டிரைவரு கேட்டா உண்மையைச் சொல்லுங்க, ரயில்வே கேட்டு, வரிசை, லாரி எல்லாம் சேத்து சொல்லுங்க, ஏன்னா நண்டு உசுரு அதுல கீது. அம்மா கேட்டா கொஞ்சம் கொறைச்சு சொல்லுங்க. பெரிய மனுசன் ஊரு முன்னாடி நின்னு கேட்டான்னா, அவனுக்கு நேரம் தெரியும். அவனுக்கு வேண்டியது ஒரு வாய்.

இப்பல்லாம் அந்த ஆளு தெருவுல என்னைப் பாத்து, மணி இன்னான்னு கேட்டாக்கூட நான் ஒடனே சொல்றதில்லை. அவரு பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு மொதல்ல எட்டிப் பாக்குறேன்.